மச்சான் சொன்ன அளவு

அந்த வண்டியை ஒரு சின்ன லோடு ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். முன்சக்கரம் ஒரு பக்கமாக மடங்கி, ஹாண்டில் முறுக்கிக்கொண்டு, பெட்ரோல் டேங்கின் மேல் போலீஸ் ஸ்டேஷனில் யாரோ வெள்ளைப் பெயிண்டால் எழுதிய எண்ணோடு இருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க ஸ்டேஷன் வாசலில் நனைந்து, பிறகு ஒரு கோடையும் அங்கேயே காய்ந்த வண்டி. சைலன்சருக்குள்ளிருந்து அருகம்புல் நீட்டிக்கொண்டிருந்தது. மச்சான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். யாருடைய வண்டி என்று எங்கள் இருவருக்கும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அந்த இன்ஜினை ஒரு காலத்தில் கட்டிக்கொடுத்ததே நாங்கள்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். முசரவாக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். மண்ணில் கால் வைக்கப் பிடிக்காமல் சின்ன வயதிலேயே காஞ்சிபுரத்துக்கு வந்து இன்ஜின் வேலையில் உட்கார்ந்துகொண்டவர். எனக்கு லேத் வேலை. இரண்டு பேருமாகச் செவிலிமேட்டில், டவுன் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஒர்க்‌ஷாப் வைத்தோம். கடைவது, துளை போடுவது, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைச் சீவுவது எல்லாம் என் பக்கம். கோர்ப்பது அவர் பக்கம். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. அவர் என்னை மாப்ள என்பார். வேலைக்கு நடுவில் வாய்ச்சண்டை வரும், சாப்பாட்டு நேரத்தில் சமாதானமாகிவிடும். இப்படியே பல வருடங்கள் ஓடின.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைத் தேடி வாங்கி, புதிதாகக் கட்டி ஓட்டுகிற ஆசை இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு இன்னும் விட்டபாடில்லை. ஏனாத்தூரில் படிக்கிற மாணவர்கள், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் என்று பலரும் மச்சானைத் தேடி வந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், வண்டி இழுக்க வேண்டும். அதற்கு மச்சான் முதலில் கவனிப்பது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை. பிஸ்டன் மேலே ஏறி நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டின் ஓரத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சந்து இருக்கும். அந்தச் சந்து சின்னதாக இருந்தால், ஓரத்தில் இருக்கிற பெட்ரோல் புகை நடுவை நோக்கிப் பிதுக்கப்பட்டு, சீக்கிரமாகவும் சீராகவும் எரியும். பெரிதாக இருந்தால் ஓரத்தில் தங்கிய புகை தாறுமாறாக வெடித்து, சூடு ஏறி, வண்டி மந்தமாகும். ஆனால் ஆசைப்பட்டு ரொம்பவும் குறைத்துவிடக் கூடாது. இன்ஜின் சூடாகி வேகமெடுக்கும்போது உள்ளே எல்லாமே கொஞ்சம் நீளும். நிற்கும்போது தொடாத பிஸ்டன் ஓடும்போது ஹெட்டில் போய் இடிக்கும். கொட்டகையில் நாங்கள் இதை 'கேப்' என்றுதான் சொல்வோம்.

இந்த வண்டியின் சொந்தக்காரன் சின்ன காஞ்சிபுரத்துப் பையன். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரின் ஒரே மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமை வந்தால் நெற்றியில் திருமண் கலையாமல் எங்கள் கொட்டகையில் வந்து உட்கார்ந்துவிடுவான். நாங்கள் மீன்குழம்புச் சாப்பாட்டைப் பிரித்தால் மட்டும் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டு சிரிப்பான். மச்சானுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அவன் வண்டிக்கு ஹெட்டை நான் சீவினேன், மச்சான் கோர்த்தார். கேப்பை ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வைத்தார். பையனுக்கு அது போதவில்லை. இணையத்தில் எதையோ படித்துவிட்டு வந்து, முக்கால் மில்லி வையுங்கள் என்று நச்சரித்தான்.

"வேணாம் தம்பி. வெயில் காலத்துல பைபாஸ்ல முறுக்கினு போனா பிஸ்டன் தட்டிடும். எனக்குத் தூக்கம் வராது," என்றார் மச்சான்.

அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே வந்து, ஒரு மில்லியோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சில மாதங்கள் கழித்துப் பாலாற்றுப் பாலம் தாண்டி வருகிற வளைவில் விழுந்து, அங்கேயே இறந்துபோனான். பின்னால் முன்னால் வண்டி எதுவும் இல்லை. பார்த்தவர்களும் இல்லை. வேகமாக வந்து திரும்ப முடியாமல் விழுந்தான் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் மச்சான் பழைய மச்சானாக இல்லை. டீயை வாங்கி ஆறவிடுவார். கோர்த்து முடித்த இன்ஜினை மறுபடி பிரிப்பார். ஒருமுறை, லேத் ஓடிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில், "ஒருவேளை தட்டியிருக்குமா மாப்ள?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இருக்காது என்றேன். நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. வண்டி போலீஸ் வாசலில் கிடந்தது. பிரித்துப் பார்க்க வழியில்லை. என் கையும் அந்த இன்ஜினில் இருந்ததால், சொல்லிக்கொள்ளாமல் நானும் அந்தக் கேள்வியோடுதான் அலைந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் தலைமையாசிரியர் வண்டியோடு வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. நாங்கள் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"கிக்கர் இறங்கவே மாட்டேங்கறது. ஸ்டேஷன்லேர்ந்து எடுத்துண்டு வந்த அன்னிக்கே மிதிச்சுப் பார்த்தேன்," என்றார். "இன்ஜின் உள்ளே பிடிச்சுண்டா பின்சக்கரம் அப்படியே நின்னுடும்னு சொல்றா. நிஜமா?"

"நின்னுடும் சார்," என்றார் மச்சான்.

"அப்போ பிரிச்சுப் பாருங்கோ. ஓட்டறதுக்கு இல்லை. அது எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

பிறகு அவராகவே சொன்னார். வேகமாக ஓட்ட மாட்டேன் என்று பையன் அம்மாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தானாம். சத்தியம் பண்ணி ஏமாற்றிவிட்டான் என்று அந்த அம்மாவுக்குக் கோபம். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாராம். வருடத் திதி அன்றுகூட ஒரு பூ வைக்கவில்லையாம். "செத்துப்போன பிள்ளையோட தினமும் சண்டை போட்டுண்டிருக்கா. நான் எந்தப் பக்கம் பேசறது?" என்று கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி எழுந்து பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த சில நாட்கள் நாங்கள் வேறு வேலை எதையும் தொடவில்லை. பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறப்போட்டோம். பிஸ்டன் மெல்ல அசைந்து கொடுத்தது. பிறகு மச்சான் ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் ஹெட்டில் இடித்திருந்தால், அதன் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். ஹெட்டிலும் அதற்கு நேரே வடு இருக்கும். இரண்டிலும் எதுவுமில்லை. கரி ஒரே சீராகப் படிந்திருந்தது. மச்சான் டார்ச்சை வாங்கி மறுபடி பார்த்தார். துணியால் துடைக்கப் போனவர், துடைத்தால் அழிந்துவிடும் என்று நினைத்தவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "அளந்துடலாம்பா," என்றார். ரேடியோ ரிப்பேர்க் கடையில் கிடைக்கிற ஈயக் கம்பியில் இரண்டு துண்டு வெட்டி, பிஸ்டனின் இரண்டு ஓரங்களிலும் கிரீஸ் தடவி ஒட்டினார். பிஸ்டன் ஆடினால் அளவு பொய்யாகிவிடும் என்பதால், அதைக் கோர்த்திருக்கிற இரும்புப் பின்னுக்கு நேர் மேலேதான் கம்பியை வைக்க வேண்டும். ஹெட்டுக்கு அடியில் இருந்த அதே பேக்கிங் தகட்டோடு ஹெட்டைப் போட்டு இறுக்கினார். கிக்கரைத் தொடவில்லை. மேக்னெட்டுப் பக்கத்து நட்டில் ஸ்பானரைக் கொடுத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பிஸ்டன் மேலே ஏறிக் கம்பியை நசுக்குகிற இடத்தில் கைக்கு ஒரு சின்னத் தடை தெரியும். அந்த இடம் வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி ஹெட்டைக் கழற்றி, நசுங்கிய இரண்டு துண்டுகளையும் என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடி போட்டாலும் மைக்ரோமீட்டரின் கோடுகள் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. அதனால் அளப்பது எப்போதும் நான்தான். அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரு மில்லியை ஒட்டியே இருந்தது. கட்டிக்கொடுத்தபோது என்ன இருந்ததோ அதே அளவு.

பிஸ்டன் ஏறி இறங்குகிற பிளாக்கையும் தூக்கிப் பார்த்தோம். பிஸ்டனின் பக்கவாட்டில் ஒரு கீறல்கூட இல்லை. மழைத்தண்ணீர் இறங்கி, ரிங் நின்ற இடத்தில் வளையமாகத் துரு பிடித்திருந்தது. கிக்கர் இறங்காததற்குக் காரணம் அந்தத் துருதான். இன்ஜின் ஓடும்போது பிடிக்கவே இல்லை. மணலில் சறுக்கினானோ, நாய் குறுக்கே வந்ததோ, வேகம்தானோ, எங்களுக்குத் தெரியாது. காரணம் இன்ஜின் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. மச்சான் தரையில் உட்கார்ந்து, கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டார். ஒரு வருடத்துக்கு மேலாகச் சுமந்ததை இறக்கிவைத்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கும் அன்றைக்குத்தான் சாப்பாடு ருசியாக இறங்கியது.

தலைமையாசிரியர் சொன்னபடி வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். பிரித்த பாகங்கள் ஒரு தட்டில் இருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. மச்சானின் முகத்தையே பார்த்தார்.

"வண்டி பண்ணின காரியமா, அவன் பண்ணினதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் பேசிவிட்டார். "வண்டிதான் சார். இன்ஜின் புடிச்சிக்கிச்சு. நான்தான் உள்ள கேப்பை ஆசப்பட்டுக் கொறச்சி வெச்சேன். முக்கா மில்லி. தம்பி வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கல. சூட்டுல பிஸ்டன் தட்டி, சக்கரம் நின்னு போச்சு. அவரு எவ்ளோ மெதுவா வந்திருந்தாலும் அது தூக்கித்தான் போட்டிருக்கும்."

நான் கையிலிருந்த துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையன் கேட்டதையும் தான் மறுத்ததையும் மச்சான் அப்படியே இடம் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் திட்டுவார், அடிப்பார், போலீசுக்குப் போவார் என்றெல்லாம் எனக்குள் ஓடியது. அவர் தண்ணீர் கேட்டார். குடித்தார். "வேணாம்னு சொன்னானா?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னாரு சார்."

"அவகிட்டப் போய்ச் சொல்றேன்." வாசல் வரை போனவர் திரும்பி, "நீங்க தெரிஞ்சு செய்யலையே," என்றார். அது மச்சானுக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. வண்டியைத் திரும்ப எடுத்துப் போக அவர் வரவே இல்லை.

அவர் போனதும் நான் கத்தினேன். வாழ்க்கையில் அவரிடம் அப்படிக் கத்தியது அந்த ஒருமுறைதான். "இது உங்க கடை மட்டும் இல்ல மச்சான். ஹெட்டைச் சீவினது நான். நாளைக்கு ஊர்ல இன்னா பேசுவாங்க? உள்ள போட்டா யார் வந்து எடுக்கறது?"

"உன் பேர நான் எடுக்கலியே மாப்ள."

"எதுக்கு இப்டி சொன்னீங்க?"

அவர் தட்டிலிருந்த பாகங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "அந்தம்மா புள்ள மேல கோவமா இருக்காங்கபா. அந்தக் கோவத்த எங்கனா எறக்கி வெக்கணும் இல்ல? எம்மேல வெச்சிக்கினு போகட்டும்," என்றார். குரலில் பெருமை இல்லை. வேலை முடிந்து கை கழுவப் போகிறவரின் அலுப்புத்தான் இருந்தது. விஷயத்தை வீட்டில் சொன்னபோது என் மனைவி அழுதாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கும் சேர்த்துச் சமைத்துக் கொடுத்தனுப்பினாள்.

போலீஸ் வரவில்லை. ஆனால் பேச்சு வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் தொடங்கி, ஏனாத்தூர் வரை போய், எங்கள் கொட்டகைக்கே திரும்பி வந்தது. முறுக்கி ஓட்டுகிற பையன்கள் முதலில் நின்றுபோனார்கள். பிறகு அவர்களைப் பார்த்து மற்றவர்களும். அதைக்கூடத் தாங்கியிருக்கலாம். எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது வேறொன்று. வந்த கொஞ்ச வேலையிலும் மச்சான் கேப்பைத் தேவைக்கு மேல் விட ஆரம்பித்தார். ஒரு பேக்கிங் போதும் என்ற இடத்தில் இரண்டு போட்டார். எடுத்துப்போனவர்கள் திரும்பி வந்து, வண்டி இழுக்கவே மாட்டேங்குது, வெறும் சூடாவுது என்றார்கள். நான் அளந்து சொன்னால், "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்பா," என்பார். ஒரு பொய்யை ஊருக்குச் சொன்னவர், ஊர் அதைத் திரும்பத் திரும்ப அவரிடமே சொல்லக் கேட்டுக் கேட்டு, அதற்குள்ளேயே குடியேறிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் தன் ஸ்பானர்களை எல்லாம் டீசலில் கழுவித் துடைத்து என் பெட்டியில் அடுக்கிவைத்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். நாள் முழுக்க நின்றுகொண்டு நட்டு இறுக்குகிற வேலை. எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை மெஷினே பார்த்துக்கொள்ளும்.

நான் கொட்டகையை விடவில்லை. விட்டுவிட்டு எங்கே போவது? மோட்டார் ஷாப்ட், கேட்டுக்குக் கீல், தறிக்கு ஏதாவது உதிரி என்று கிடைப்பதைக் கடைகிறேன். மாலையில் முதுகு வலிக்கிறது. மச்சான் இருந்திருந்தால் இந்நேரம் எதற்காவது சண்டை போட்டுக்கொண்டிருப்போம் என்று நினைத்துக்கொள்வேன். அவரும் நானும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறோம். ஆனால் அவர் ஷிப்ட்டு முடிந்து வரும்போது நான் அசந்து கிடப்பேன். என் லீவு நாளில் அவர் தூங்குவார்.

போன பங்குனியில் ஒரு பகல் நேரத்தில் ஆட்டோ ஒன்று கொட்டகை வாசலில் நின்றது. மடிசார் கட்டிய வயதான அம்மா ஒருவர் ஆட்டோக்காரரின் கையைப் பிடித்து இறங்கினார். நான் அவரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தலைமையாசிரியரின் மனைவி என்று அவரே சொன்ன பிறகுதான் தெரிந்தது. கணவரும் போய்ச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன, சென்னையில் தங்கையோடு இருக்கப் போகிறேன் என்றார். இன்ஜின் பண்ணின மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் இப்போது இங்கே இல்லை, கம்பெனி வேலைக்குப் போய்விட்டார் என்று சொன்னேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மச்சான்மா. என் வீட்டுக்காரியோட அண்ணன்."

"அப்போ நீங்களே சொல்லிடுங்கோ. இத்தனை வருஷமா அவரைச் சபிச்சுண்டே இருந்தேன். பெருமாள் சன்னதியில நின்னுண்டுகூடச் சபிச்சிருக்கேன். இனிமே இல்லைன்னு சொல்லுங்கோ. போதும். எனக்கு முடியலை."

உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். என் மச்சான் குற்றமில்லாதவர் என்று இந்த ஊரில் ஒருவராவது தெரிந்துகொள்ளட்டும் என்று ஆசையாக இருந்தது. அந்த அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சொன்ன சொல்லைக் காப்பாத்தினவன் என் பிள்ளை," என்றார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தார். ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். வண்டி பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டித் திரும்பும் வரை வாசலிலேயே நின்றேன்.

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்குப் போனேன். ஷிப்ட்டு முடிந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, உப்புப் போட்ட வெந்நீர் வாளியில் காலை விட்டிருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. யூனிபார்ம் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அந்த அம்மா வந்ததையும் சொன்னதையும் சொன்னேன்.

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல மச்சான்."

அவர் தலையை ஆட்டினார். வாளித் தண்ணீருக்குள் கால் விரல்களை மடக்கி நீட்டினார். சமையல்கட்டில் மச்சானின் மனைவி எதையோ தாளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாப்ள, அன்னிக்கு நீ அளந்த இல்ல, ஒரு மில்லி இருந்துச்சுதானே? எனக்காக மாத்திச் சொல்லலியே?"

"இருந்துச்சு மச்சான். ரெண்டு பக்கமும்."

"நெஜமா?"

"நெஜமா."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழுந்தேன். "இன்னொரு தபா சொல்லு," என்றார். உட்கார்ந்து இன்னொரு தடவை சொன்னேன்.